எலின்போர்குக்காகக் கேட்கிறேன்

கோபன்ஹேகன்,
12 பிப்ரவரி 1987

அன்புள்ள அக்கா,

உன் தம்பி உயிரோடுதான் இருக்கிறான். அங்கே தீவில் நீ, அப்பா, ஆடுகள் எல்லோரும் சுகமா? முதலில் இதை எழுதிவிட்டால்தான் மீதியை நீ மூச்சு விட்டுப் படிப்பாய்.

போனில் ஒன்றும் பேச முடியவில்லை. நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் போன், அதன் எதிரே அப்பா. நான் என்ன சொன்னாலும் நீ “சரி, சரி” என்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

முதல் தடவை மருந்து ஏற்றிவிட்டார்கள். கழுத்துக் கட்டியைக் கத்தியால் எடுத்துப் பயனில்லையாம். மார்புக்குள்ளும் சின்னச் சின்னதாக இருக்கிறதாம். இரத்தத்தில் கலந்தால்தான் மருந்து எல்லா இடத்துக்கும் போகும், அதுதான் இந்த கீமோ. சன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி. பிர்தா என்ற நர்ஸ் முதலில் வெறும் உப்புத் தண்ணீரை விட்டு, ஊசி நரம்புக்குள் சரியாக நிற்கிறதா என்று பார்த்தாள். பிறகு மருந்தை மெதுவாகத் தள்ளிக்கொண்டே, “எரியுதா? எரியுதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு சொட்டுக் கசிந்தாலும் சதை வெந்துவிடுமாம்.

“தூண்டில் முள்ளு உள்ளங்கையில ஏறினப்பவே நான் கத்தினதில்ல” என்றேன்.

“இங்க கத்தணும். உன்னை மாதிரி கடல் வீரனுங்கதான் வாயை மூடிக்கிட்டு கையைப் புண்ணாக்கிட்டுப் போறானுங்க” என்றாள்.

அன்று சாயங்காலம் பட்ட பாட்டை எழுதப் போவதில்லை. கப்பலில் முதல் தடவை ஏறி வாந்தி எடுத்த பையன்களைக் கேலி செய்தேன் அல்லவா, அதற்கெல்லாம் சேர்த்துப் பலன் கிடைத்தது. அடுத்த வாரம் இன்னொரு ஊசி, இடையில் இரண்டு வாரம் மாத்திரை, பிறகு ஓய்வு. இது ஒரு சுற்று. ஆறு சுற்று போக வேண்டும்.

அப்பாவிடம் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

உன்
ஹோக்னி


ஹ்வால்பா,
26 பிப்ரவரி

அன்புத் தம்பி ஹோக்னிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் உடம்பு தேறி வர வேண்டும் என்று ஞாயிறன்று கோயிலில் ஜெபிக்க எல்லோருமே எழுந்து நின்றார்கள். நீ இருந்திருந்தால் வெட்கப்பட்டிருப்பாய்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சாயங்காலம் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அவர் கேட்கவும் இல்லை.

மூன்று நாளாகக் காற்று. கப்பல் வரவில்லை, மீன் தொழிற்சாலையும் மூடிக் கிடந்தது. உட்கார்ந்து உனக்கு ஒரு பொட்டலம் கட்டினேன். கம்பளிச் சட்டை, இரண்டு ஜோடி காலுறை, நம் ஆட்டுத் தொடை ஒன்று. காற்றில் நன்றாக உலர்ந்திருக்கிறது. அந்த ஊர்ச் சாப்பாட்டில் உனக்கு எங்கே பலம் வரப் போகிறது.

மருந்து உள்ளே போகும்போது வலிக்குமா? நீ அதை மட்டும் எழுதவில்லை.

உன் அக்கா
சோல்ரூன்


கோபன்ஹேகன்,
9 மார்ச்

அன்புள்ள அக்கா,

நான் சுகம். தலை மட்டும் பறித்த கோழி மாதிரி ஆகிவிட்டது. உங்கள் நலத்தை எழுது.

உன் பொட்டலம் வந்து வார்டே அல்லோலகல்லோலப்பட்டது. பிரித்ததும் பக்கத்துக் கட்டில் ஏகில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “யாருப்பா செத்தது?” என்றான். நான் கத்தியை எடுப்பதற்குள் பிர்தா பிடுங்கிக்கொண்டாள். நான் விழுங்கும் ஒரு மாத்திரைக்கும் இப்படிப் புளித்து உலர்ந்த இறைச்சிக்கும் ஆகாதாம். தின்றால் இரத்த அழுத்தம் தலைக்கு ஏறிவிடுமாம். பழைய சீஸும் கூடாது, பீரும் கூடாது. “புற்றுநோயை விட்டுட்டு ஆட்டுக்கால் கொன்னுதுன்னு நான் எழுதித் தரணுமா?” என்று கத்தினாள். தொடையைத் தன் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டாள். மறுநாள், “நாத்தம்தான், ஆனா நல்லாயிருக்கு” என்கிறாள்!

நீ கேட்டதற்குப் பதில்: உள்ளே போகும்போது வலிக்காது. கை குளிரும், வாயில் இரும்புச் சுவை வரும். அவ்வளவுதான். விரல் நுனி மட்டும் மரத்துப் போகிறது, பொத்தான் போட முடிவதில்லை.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுப்பதில்லை அக்கா. ஏகிலுக்குச் சிறுநீர்ப்பையில் நோய்; குழாய் வழியாக மருந்தை நேரே அங்கேயே விட்டு, இப்படி அப்படிப் புரளச் சொல்கிறார்கள். சிலருக்கு முதுகுத்தண்டில் ஊசி. இங்கர் என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர் இருக்கிறாள், மார்பில் ஆபரேஷன் ஆனவள். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் ஊசிக்கு வருகிறாள். மற்றதெல்லாம் வீட்டிலேயே மாத்திரை. பாடம் கூட நடத்துகிறாளாம்.

அப்பாவின் மூட்டு எப்படி?

ஹோக்னி


ஹ்வால்பா,
2 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்றே நம்புகிறேன். அப்பாவின் மூட்டு பழையபடிதான். மீன் கட்டித் தொங்கவிடுகிற வேலை முடிந்தது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நம் பக்கத்து வீட்டு எலின்போர்குக்கு மார்பில் ஒரு கட்டி. குளிர்காலத்துக்கு முன்பே இருந்ததாம், யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள். அவளுக்காகக் கேட்கிறேன். நீ எழுதிய அந்த டீச்சருக்கு முதலில் எப்படி இருந்தது? அக்குளில் இழுத்ததா? கையை உயர்த்த முடிந்ததா? மாத்திரை மட்டும் சாப்பிட்டால் போதாதா? ஊசிக்கு கோபன்ஹேகனுக்குத்தான் வர வேண்டுமா, இங்கே நம் தீவுகளிலேயே டோர்ஷவன் ஆஸ்பத்திரியில் போட மாட்டார்களா? எத்தனை நாள் வீட்டை விட்டு இருக்க வேண்டும்? குட்டி போடுகிற பருவத்தில் ஆடுகளோடு மலையேற முடியுமா? வயதான ஒருவர் வீட்டில் இருந்தால் யார் பார்த்துக்கொள்வது?

இதைப் பற்றிப் போனில் பேசாதே. எலின்போர்கின் காதுக்குப் போனால் என்னைக் கொன்றுவிடுவாள்.

இன்று நல்ல வெயில்.

அக்கா


கோபன்ஹேகன்,
20 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

மூன்றாவது சுற்றும் முடிந்தது. கழுத்துக் கட்டி பாதியாகிவிட்டது, நீயே தொட்டாலும் தேட வேண்டியிருக்கும். நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவைக் கேட்கவில்லை. நீ.

இங்கரிடம் உன் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் கத்தி, பிறகுதான் மருந்து. டாக்டர் கண்ணுக்குத் தெரியாமல் விதை மாதிரி உடம்பில் சிதறிப் போனது இருக்குமாம், அதற்குத்தான் கீமோ. மாத்திரை மட்டும் போதாது. மாத்திரையை வீட்டில் சாப்பிடலாம், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீர்ப்பை புண்ணாகும். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் இரத்தம் பார்ப்பார்கள். இரத்த அணு குறைந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டோர்ஷவனிலும் ஆபரேஷன் உண்டு, இந்த மருந்தை அங்கேயே போடலாம் என்று என் டாக்டரும் சொன்னார். அக்குளில் இழுத்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாதாம்.

உன் கடிதத்தை இங்கரும் படித்தாள். ஏதோ சொன்னாள், அதை விடு.

எலின்போர்கை உடனே போகச் சொல். உடனே என்றால் இந்த வாரம்.

ஹோக்னி


ஹ்வால்பா,
18 மே

தம்பிக்கு,

எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, குட்டி போடுகிற நேரம் உனக்குத் தெரியாததில்லை. இருபத்தேழு குட்டிகள். ஒன்றின் கண்ணைக் காக்கை கொத்திவிட்டது. அப்பா அதை அடுப்பருகே வைத்து புட்டிப்பால் கொடுக்கிறார்.

எலின்போர்கிடம் சொன்னேன். புல் அறுப்பு முடியட்டும் என்கிறாள்.

நீ தைரியமாக மருந்தை எடுத்துக்கொள். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே.

சோல்ரூன்


கோபன்ஹேகன்,
4 ஜூன்

அக்கா,

உடம்பு எப்படி என்று இந்த முறை மரியாதைக்குக் கேட்கவில்லை.

என் பிறந்தநாளுக்கு எலின்போர்கிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது. “நான் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவள் இல்லை. நேற்றுகூட இரண்டு அக்குளிலும் ஆட்டுக்குட்டியை இடுக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினேன். வாலிபப் பையன் உனக்குப் போய் இப்படி வந்ததே” என்று எழுதியிருக்கிறாள். படித்துவிட்டு வெகுநேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு இங்கர் என்ன சொன்னாள் தெரியுமா? உன் கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்து, “யாரு கேக்கறது இது?” என்றாள்.

“ஊர்ல ஒரு பொம்பளை. அவளுக்காக எங்க அக்கா கேக்கறா.”

“அடுத்தவங்களுக்காகக் கேக்கறவங்க, பொழைப்பாளான்னு கேப்பாங்க. ஆட்டை யார் பாக்கறது, கிழவரை யார் பாக்கறதுன்னு கேக்க மாட்டாங்க. எலின்போர்க் வீட்ல வயசானவர் யாராவது இருக்காரா?”

இல்லை. எலின்போர்க் தனியாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் உன்னிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்காவிடம் ஒரு தம்பி எப்படிக் கேட்பான்? எலின்போர்கைச் சாக்காக வைத்துப் பதில் எழுதினேன். நீயாகப் போய்விடுவாய் என்று இருந்துவிட்டேன்.

இனி இல்லை. கட்டி உனக்குத்தானே? குளிர்காலத்துக்கு முன்பே என்றால் எட்டு மாதம் ஆகியிருக்கும். நான் விமானம் ஏறும்போது என் பெட்டியை நீதானே தூக்கி வந்தாய்!

கேட்டுக்கொள். இரத்த அணு குறைந்து தள்ளிப்போன என் ஐந்தாவது சுற்று இருபத்து மூன்றாம் தேதி. நீ டோர்ஷவன் போய் டாக்டரைப் பார்த்ததாகத் தகவல் வராவிட்டால் நான் அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன். இது விளையாட்டில்லை.

ஹோக்னி


ஹ்வால்பா,
15 ஜூன்

ஹோக்னிக்கு,

நீ மருந்தில் தலை சுற்றி எழுதியிருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவோடு கோபன்ஹேகனுக்குப் போனவள் நான். நீ அப்போது கப்பலில் இருந்தாய். அவளுக்கும் நரம்பில்தான் ஏற்றினார்கள். கையில் ஊசி இறங்காமல் காலில் குத்தினார்கள். நான் வாந்திக்குப் பாத்திரம் பிடித்துக்கொண்டு நின்றேன். போகும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனாள். வரும்போது சவப்பெட்டியில் வந்தாள், நானும் அதே கப்பலில் மேல்தட்டில் நின்று வந்தேன். கரையில் அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாரே, அந்த முகத்தை நீ பார்க்கவில்லை. அவரை இரண்டாவது தடவை அங்கே நிற்க வைக்க மாட்டேன். ஒரு பிள்ளை அந்த நாற்காலியில் இருப்பது போதும்.

நீ பிழைத்து வா. பிறகு மற்றதைப் பேசலாம். சின்னப் பிள்ளை மாதிரி மிரட்டாதே. இருபத்து மூன்றாம் தேதி போய் ஒழுங்காக உட்கார்.

சோல்ரூன்


கோபன்ஹேகன்,
24 ஜூன்

அக்கா,

உட்காரவில்லை.

காலையில் இரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. பிர்தா மருந்தை ஊசியில் ஏற்றித் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் சன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன்.

“உக்காரு.”

“இன்னைக்கு வேணாம்.”

“வாந்திக்குப் பயந்தா தூக்க மருந்து தரேன்.”

“அது இல்ல. எங்க அக்கா டாக்டர்கிட்ட போகணும். அவ போனா நான் உக்காருவேன்.”

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அவள் முகம் சிவந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். “உன் உடம்பைப் பணயம் வச்சு யாரை மிரட்டறே? உள்ள இருக்கறது உன் அக்கா வரைக்கும் காத்துட்டிருக்குமா? பாதி செத்தது எழுந்துக்கும்டா. எழுந்தா இதே மருந்துக்கு அடங்காது.”

டாக்டரும் வந்து அதையே பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரிகிறது. சாயங்காலம் குளிக்கும்போது கழுத்தைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்று காலையும் தடவினேன்.

அம்மா கதை எனக்குத் தெரியும். அவள் போகும்போது வயிறு முழுக்கப் பரவியிருந்தது. மருந்து அவளைக் கொல்லவில்லை அக்கா. தாமதம்தான் கொன்றது. நீ அதே தாமதத்தைச் செய்துகொண்டு, அப்பாவைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறாய்.

நான் காத்திருக்கிறேன்.

ஹோக்னி


ஹ்வால்பா,
1 ஜூலை

முட்டாளே,

உன் கடிதம் இன்று பகல் கப்பலில் வந்தது. தொழிற்சாலையில் கையுறையோடே படித்தேன். எழுத்தெல்லாம் மீன் செதிலாகிவிட்டது.

நாளைக் காலைக் கப்பலில் டோர்ஷவன் போகிறேன். வட்டார டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, நேரே போனை எடுத்தார். அப்பாவிடம் பித்தப்பையில் கல் என்று சொல்லியிருக்கிறேன். அவர் “சரி” என்றார். நீயும் அதையே சொல்.

இது கிடைத்த உடனே போய் உட்கார். உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்தத் தாளில் அடங்காது.

சோல்ரூன்


கோபன்ஹேகன்,
20 ஜூலை

அன்புள்ள அக்கா,

நீ எங்கே, எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் இந்தக் கடிதத்தை டோர்ஷவன் ஆஸ்பத்திரி விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே உட்கார்ந்துவிட்டேன். முடிந்த பிறகு பிர்தா தலையில் ஒரு தட்டு தட்டினாள், முடி இல்லாத தலையில் நன்றாகவே வலித்தது. படம் எடுத்தார்கள். மார்புக்குள் ஒரு இடத்தில் மறுபடி கொஞ்சம் தெரிகிறதாம். ஏற்கெனவே இருந்ததா, புதிதா என்று சொல்ல முடியவில்லை. ஆறோடு நிற்காது, இன்னும் இரண்டு சுற்று சேர்த்திருக்கிறார்கள். இதற்கு நீ உன்னைத் திட்டிக்கொள்ளக் கூடாது. அது நான் எடுத்த முடிவு.

ஆஸ்பத்திரிக்கு போன் செய்தால், “நோயாளியோட விருப்பம், ஒண்ணும் சொல்லக் கூடாது” என்கிறார்கள். வீட்டுக்குச் செய்தேன். அப்பா எடுத்தார்.

“கல்லை எடுத்துட்டாங்களாம்” என்றார்.

“பெரிய கல்லாப்பா?”

“உனக்குத் தெரியாதா?” என்றார். நான் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஹோக்னி


ஹ்வால்பா,
23 ஆகஸ்ட்

அன்புத் தம்பி ஹோக்னிக்கு,

நான் பிழைத்திருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? ஆறாவது சுற்றுக்கு உட்கார்ந்தாயா? உட்கார்ந்தேன் என்று எழுது.

ஏறக்குறைய இரண்டு மாதமாக உனக்கு எழுதாதது கோபத்தால் இல்லை. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளிலும் ஐந்து கட்டி. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல், தாளை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். வீட்டுக்குப் போய் அப்பா எதிரில் கம்பளிச் சட்டைக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையைத் தூக்க முடியவில்லை. கல் எடுத்த இடத்தில் வலி என்றேன். அவர் காப்பி போட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை எனக்கு முதல் ஊசி. தனியாகத்தான் போனேன். நரம்பு கிடைக்கவில்லை ஹோக்னி. ஒரே கையில்தான் குத்தலாமாம், ஆபரேஷன் ஆன பக்கம் கூடாது. முதல் தடவை தவறியது, இரண்டாவதும் தவறியது. அம்மாவின் கை என் கண்முன் வந்தது. எழுந்து போய்விடலாம் என்று காலைக் கீழே வைத்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், மேலங்கியை எடுக்கக் கையை நீட்டிவிட்டேன்.

அப்போது கதவில் அப்பா நின்றார். கோயிலுக்குப் போடும் கறுப்புச் சட்டை, கையில் தொப்பி. மூச்சு வாங்கியது. அம்மா சவப்பெட்டியில் வந்த நாளிலிருந்து அவர் கப்பல் ஏறியதே இல்லை, உனக்குத் தெரியும். துறைமுகத்திலிருந்து அந்த மூட்டு வலியோடு மேடு ஏறி நடந்தே வந்திருக்கிறார்.

“இங்க எதுக்குப்பா வந்தீங்க? கல்லுக்குத்தான் மருந்து...” என்றேன்.

“போதும்மா,” என்றார். “மீன் தொங்கவிட உயரக் கொக்கிக்கு என்னைக் கூப்பிட்டியே, அன்னைக்கே தெரியும் எனக்கு. ஒரு வருஷமும் நீ என்னைக் கூப்பிட்டதில்ல. நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“உங்கம்மாவையும் கேக்கல. கேட்டா நெஜமாயிடும்னு பயம்.”

நர்ஸ் வெந்நீரில் துணி நனைத்துக் கொண்டுவந்தாள், நரம்பு எழும்புமாம். அப்பா அதை வாங்கிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, துணியை என் கையில் சுற்றி, தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். துணி ஆறிய பிறகும் விடவில்லை. நர்ஸ்தான், “இப்ப விடுங்க தாத்தா, நான் பாக்கறேன்” என்றாள். மூன்றாவது தடவை இறங்கியது.

மருந்து போய்க்கொண்டிருந்தபோது அவர் பாட்டிலிலிருந்து குழாய் வழியாகச் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நர்ஸிடம், “இது என் பையனுக்குப் போடறதேதானா?” என்று கேட்டார். வேறு மருந்து என்றாள். “எல்லா நோய்க்கும் ஒண்ணே போடக் கூடாதாம், அவன் எழுதியிருந்தான்” என்று அவளுக்கே பாடம் நடத்தினார். உன் கடிதங்கள் சமையலறை அலமாரியில் இருந்தன அல்லவா? நான் நிறுத்திய இடத்துக்குப் பிறகு உள்ளதையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு அவரே படித்திருக்கிறார்.

திரும்பும்போது கப்பலில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. மேல்தட்டில், எல்லோர் எதிரிலும். அவர் தன் தொப்பியைக் கவிழ்த்து நீட்டினார். “அது கோயில் தொப்பிப்பா!” என்றேன். “வாந்தி எடு முதல்ல” என்றார். எடுத்தேன். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? அதை அப்படியே கடலில் வீசிவிட்டு, வெறும் தலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, ஹ்வால்பா வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கரையில் எலின்போர்க் நின்றிருந்தாள். அவளிடம் அப்பாவே சொன்னார். என் எதிரிலேயே, உள்ளதை உள்ளபடி சொன்னார்.

அடுத்த ஊசி வியாழக்கிழமை. அவரும் வருவார். இப்போது அவர் ஆடுகளைப் பார்க்கப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் இதை எழுதுகிறேன்.

உன் கழுத்தை ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் தடவாதே.

உன் அக்கா
சோல்ரூன்